தனிம அட்டவணை: வகுப்பில் கேட்கத் தயங்கும் கேள்விகள்

பதினொன்றாம் வகுப்பில் இந்தப் பாடம் வந்ததும் பிள்ளைகள் முதலில் செய்வது, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு நாலு அம்புக்குறி வரைவது. ‘ஆரம் இந்தப் பக்கம் கூடும், ஆற்றல் அந்தப் பக்கம் கூடும்.’ தேர்வு முடிந்த மறுவாரம் எந்த அம்பு எந்தப் பக்கம் என்பது மறந்துவிடும். எனக்கும் மறந்திருக்கிறது. பல வருடங்களாக வேதியியல் சொல்லிக்கொடுப்பதில் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில மாணவர்கள் கேட்டவை, சில அவர்களுடைய பெற்றோர் கேட்டவை.

தனிம வரிசை அட்டவணை, ஆவர்த்தன அட்டவணை: இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான். ‘ஆவர்த்தனம்’ என்றால் திரும்பத் திரும்ப வருவது. பண்புகள் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்ப வருகின்றன என்பதுதான் இந்த அட்டவணையின் உயிர் என்பதால், எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். இலங்கைப் பாடநூல்களைப் படிப்பவர்கள் கவனிக்க: அங்கே தனிமம் என்பது ‘மூலகம்’, செங்குத்துப் பத்தியை நாம் தொகுதி என்பது ‘கூட்டம்’, கிடைவரியை நாம் வரிசை என்பது ‘ஆவர்த்தனம்’.

1869-இல் இந்த அட்டவணையைப் போட்ட ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவுக்கு முன்னால் யாருமே முயற்சி செய்யவில்லையா?

நிறையப் பேர். 1789-இல் பாரிஸில் லவாய்சியர் 33 ‘எளிய பொருட்களின்’ பட்டியல் போட்டார். அதில் ஒளியும் வெப்பமும்கூடத் தனிமங்களாக இருந்தன. சுண்ணாம்பும் இருந்தது, ஏனென்றால் அதைப் பிரிக்க அப்போது யாருக்கும் வழி தெரியவில்லை.

அப்புறம் ஜெர்மனியில் டாபர்னீர் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். குளோரின், புரோமின், அயோடின் மூன்றும் குணத்தில் அண்ணன் தம்பி மாதிரி. குளோரினின் அணு எடை 35.5, அயோடினின் எடை 127. கூட்டி இரண்டால் வகுத்தால் 81-க்குப் பக்கத்தில் வரும். நடுவில் இருக்கும் புரோமின் 80. லித்தியம் 7, பொட்டாசியம் 39, சராசரி 23. சோடியம் சரியாக 23. இதுதான் பாடநூலில் வரும் மும்மை விதி. பல தனிமங்கள் இதற்குள் அடங்கவில்லை. ஆனாலும் எடைக்கும் குணத்துக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று எண்ணிக்கையாகக் காட்டிய முதல் ஆள் அவர்தான்.

அப்படியானால் ஏன் 1869 வரை காத்திருக்க வேண்டி வந்தது?

அணு எடையிலேயே குழப்பம். கார்பனின் எடை 6 என்று ஒருவர், 12 என்று இன்னொருவர். ஆக்சிஜன் 8 என்பார் ஒருவர், 16 என்பார் மற்றவர். தண்ணீரில் ஹைட்ரஜன் ஒன்றா இரண்டா என்பதற்கே ஒத்த கருத்து இல்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு அன்று புழக்கத்தில் இருந்த 19 வெவ்வேறு வாய்பாடுகளைக் கெகுலே தன் பாடநூலில் வரிசையாக அச்சிட்டுக் காட்டினார்!

இந்தக் கூத்தை முடிக்கத்தான் 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடினார்கள். கூட்டத்தில் முடிவு ஏதும் எட்டவில்லை. ஆனால் இத்தாலியின் கன்னிசாரோ எழுதிய ஒரு சிறு நூலை, கலைந்து போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினார்கள். ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம கனஅளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் என்று அவகாட்ரோ சொன்னதை ஒழுங்காகப் பின்பற்றினால் எடைகளெல்லாம் பொருந்தி வரும் என்று அதில் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் இருவர், இளைஞர்களாக இருந்த லோதர் மேயரும் மெண்டலீவும்.

நியூலாந்த்ஸைப் பார்த்துச் சிரித்தார்களாமே?

சிரித்தார்கள். லண்டனைச் சேர்ந்த ஜான் நியூலாந்த்ஸ், தனிமங்களை எடை வரிசையில் அடுக்கினால் ஒவ்வோர் எட்டாவது தனிமமும் முதலாவதைப் போலவே இருக்கிறது என்றார். ச-வில் தொடங்கினால் எட்டாவதாக மேல் ச வருகிற மாதிரி. அதனால்தான் எண்ம விதி. 1866 மார்ச்சில் லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் இதைச் சொன்னபோது, ‘அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா?’ என்று ஒரு பேராசிரியர் கிண்டலாகக் கேட்டார்.

கேட்டவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. கால்சியம் வரை விதி அழகாக வேலை செய்தது. அதற்கு மேல், கட்டத்தை நிரப்புவதற்காகக் கோபால்ட்டையும் நிக்கலையும் ஒரே இடத்தில் திணித்து, குளோரினுக்கும் புரோமினுக்கும் நடுவில் உட்கார வைத்திருந்தார். இன்னும் கண்டுபிடிக்காத தனிமத்துக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. ஆனால் ஆள் யோசித்தது சரியான திசையில்தான். 1887-இல் ராயல் சொசைட்டி அவருக்கு டேவி பதக்கம் கொடுத்தது.

மெண்டலீவ் அட்டவணையைக் கனவில் கண்டாராமே, உண்மையா?

கதை பிரபலம், ஆதாரம் மெலிது. நண்பர் ஒருவர் பின்னாளில் சொன்னதாக வருகிறது. சீட்டுக்கட்டு மாதிரி அட்டைகளில் தனிமங்களை எழுதி ரயிலில் விளையாடினார் என்ற கதையும் அப்படித்தான். நம்மிடம் இருக்கும் காகிதங்கள் சொல்லும் கதை வேறு. எனக்கு அதுதான் சுவாரசியமாகப் படுகிறது, ஏனென்றால் அது ஒரு வாத்தியாரின் கஷ்டம்.

சைபீரியாவின் தொபோல்ஸ்க்கில் பிறந்த திமித்ரி மெண்டலீவ், அப்போது பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மாணவர்களுக்கு நல்ல பாடநூல் இல்லையென்று தானே ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். முதல் பாகம் குளோரின் குடும்பமான ஹாலஜன்களோடு முடிந்துவிட்டது. இரண்டாம் பாகத்தைச் சோடியம், பொட்டாசியம் என்று கார உலோகங்களில் தொடங்கியாயிற்று. சரி, அடுத்த பாடம் எது? 63 தனிமங்களில் மிச்சம் இருப்பவற்றை எந்த ஒழுங்கில் சொல்வது?

1869-ஆம் ஆண்டு மார்ச் 1, ரஷ்யாவின் பழைய காலண்டரில் பிப்ரவரி 17. அன்று அவர் பாலாடைக்கட்டிப் பண்ணைகளைப் பார்வையிடக் கிளம்ப வேண்டிய நாள். அது தொடர்பாக வந்த கடிதத்தின் பின்பக்கத்திலேயே தனிமங்களையும் எடைகளையும் கிறுக்கத் தொடங்கினார். அந்தக் காகிதம் இன்றும் இருக்கிறது. பயணம் தள்ளிப்போனது.

அவர் செய்ததை நீங்களே ஒரு தாளில் செய்து பார்க்கலாம். மேல் வரியில் ஹாலஜன்கள்: புளூரின் 19, குளோரின் 35.5, புரோமின் 80, அயோடின் 127. அதற்கு நேர் கீழே கார உலோகங்கள்: சோடியம் 23, பொட்டாசியம் 39, ருபிடியம் 85, சீசியம் 133. மேலிருப்பது கண்ணை எரிக்கும், மூச்சை அடைக்கும் ரகம். கீழே இருப்பது தண்ணீரில் போட்டால் சீறும் உலோகம். குணத்தில் எலியும் பூனையும். ஆனால் எடையில் ஒவ்வொரு ஜோடியும் தோளோடு தோள் உரசி நிற்கிறது: 4, 3.5, 5, 6 என்றுதான் வித்தியாசம். அவருக்கு முன் வந்தவர்கள் ஒரே மாதிரியானவற்றைத்தான் சேர்த்துப் பார்த்தார்கள். இவர் எதிரெதிரானவற்றைப் பக்கத்தில் வைத்தார். அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது.

சில நாட்களில் ரஷ்ய வேதியியல் சங்கத்தில் அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது. அவர் நேரில் இல்லை. நண்பர் மென்ஷுட்கின்தான் வாசித்தார்.

லோதர் மேயரும் அதே நேரத்தில் கண்டுபிடித்தார் என்கிறார்களே. பெருமை ஏன் மெண்டலீவுக்கு மட்டும்?

மேயர் சாதாரண ஆள் இல்லை. 1864-லேயே 28 தனிமங்களை இணைதிறன்படி, அதாவது ஓர் அணு எத்தனை பிணைப்பு போடும் என்பதன்படி அடுக்கியிருந்தார். 1870-இல் அணுக் கனஅளவை அணு எடைக்கு எதிராக வரைந்து, ஏறி இறங்கும் மலைத்தொடர் போன்ற ஒரு வரைபடம் கொடுத்தார். ஒவ்வொரு சிகரத்திலும் ஒரு கார உலோகம். ஆவர்த்தனம் என்றால் என்னவென்று ஒரே பார்வையில் விளக்க இன்றும் அதைவிட நல்ல படம் கிடையாது என்பேன். 1882-இல் டேவி பதக்கத்தை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

வித்தியாசம் துணிச்சலில். அட்டவணையை நம்பி, அளந்து வைத்திருந்த எடைகளையே தப்பு என்றார் மெண்டலீவ். பெரிலியத்தின் எடை 14 என்று நம்பியிருந்தார்கள். இல்லை, 9 அளவில்தான் இருக்க வேண்டும் என்றார். யுரேனியம் 120 என்றார்கள், இவர் அதை இரட்டிப்பாக்கி 240 என்றார். இரண்டிலும் அவர் பக்கமே நியாயம். அதோடு நிற்காமல், காலி இடங்களை விட்டு, அங்கே வரப்போகிறவர்களின் அங்க அடையாளங்களையும் 1871-இல் எழுதி வைத்தார்.

‘ஏகா அலுமினியம்’: இது நம்ம ஊர்ச் சொல் மாதிரி இருக்கிறதே?

ஆமாம், சமஸ்கிருத எண்தான். ஏக என்றால் ஒன்று. அலுமினியத்துக்கு ஒரு படி கீழே உள்ள காலியிடம் ஏகா அலுமினியம். இரண்டு படி என்றால் துவி: மாங்கனீசுக்கு இரண்டு படி கீழே துவி மாங்கனீசு, அது 1925-இல் ரீனியமாக வந்து சேர்ந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் அப்போது சமஸ்கிருத ஆய்வு செழித்திருந்தது, பாணினியைப் பதிப்பித்த பட்லிங் அங்கே இருந்தவர். அதனால் பாணினியின் எழுத்து அடுக்கைப் பார்த்துத்தான் அட்டவணையே பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது ஊகம். பெயருக்கு முன்னொட்டு எடுத்துக்கொண்டார் என்பது வரைதான் உறுதி.

அந்தக் கணிப்புகள் எவ்வளவு துல்லியம்?

காலியத்தின் கதையைச் சொன்னாலே போதும். 1875-இல் பிரான்சில் லக்கோக் த புவாபோத்ரான் துத்தநாகத் தாதுவின் நிறமாலையில் (அதன் ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறக்கோடுகளில்) புதிய கோடுகளைக் கண்டு, கொஞ்சம் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அடர்த்தியை அளந்தார்: 4.7. பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மெண்டலீவ் எழுதுகிறார்: அது என்னுடைய ஏகா அலுமினியம், அடர்த்தி 5.9 இருக்க வேண்டும், உங்கள் மாதிரி தூய்மையாக இல்லை. கையில் பொருளை வைத்திருப்பவருக்கு, அதைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் திருத்தம் சொல்கிறார்! எனக்கு அப்படியொரு கடிதம் வந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். லக்கோக் நன்றாகச் சுத்தம் செய்து மறுபடி அளந்தார். 5.9.

காலியம் கிட்டத்தட்ட 30 டிகிரி செல்சியஸில் உருகும். ஐரோப்பாவில் உள்ளங்கையில் வைத்து உருக்கிக் காட்டி வியப்பார்கள். நம்ம ஊரில் சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்த புட்டியிலேயே உருகிக் கிடக்கும்.

1879-இல் ஸ்காண்டியம் வந்தது. 1886-இல் ஃப்ரைபெர்க்கில் விங்க்ளர் ஜெர்மானியத்தைப் பிடித்தார். மெண்டலீவ் அணு எடை 72 என்றார், வந்தது 72.6. அடர்த்தி 5.5 என்றார், இன்றைய மதிப்பு 5.3-க்குச் சற்று மேல். அதன் குளோரைடு 100 டிகிரிக்குக் கீழே கொதிக்கும் என்றார், கொதித்தது 86-இல். இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஜெர்மானியம் வந்த புதிதில் அதைத் தன்னுடைய ஏகா சிலிக்கான் என்று மெண்டலீவே உடனே அடையாளம் காணவில்லை.

அப்போ அவர் சொன்னது எல்லாமே பலித்ததா?

இல்லை. பாடநூல்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை. சூரியனின் வளிமண்டலத்தில் ‘கொரோனியம்’, அதைவிட லேசான ஓர் ஈதர் தனிமம் என்று ஹைட்ரஜனுக்கும் முன்னால் இரண்டு இடம் ஒதுக்கினார். இரண்டுமே கிடையாது. கொரோனியத்தின் பச்சைக் கோடு, எலக்ட்ரான்களைப் பெருமளவு இழந்த இரும்பின் ஒளி என்று பின்னால் தெரிந்தது. டெலூரியத்தின் எடை 128 என்பது தப்பு, அயோடினைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று கடைசிவரை சாதித்தார். அதுவும் அவர் தப்புத்தான். எலக்ட்ரான் என்ற ஒன்றையே அவரால் ஏற்க முடியவில்லை. 1907-இல் நோபல் பரிசு வாங்காமலே காலமானார். அதற்கு முந்தைய வருடம் பரிசு கைக்கு எட்டும் தூரம் வந்து, புளூரினைப் பிரித்த முவாசானுக்குப் போய்விட்டது.

மந்த வாயுக்கள் எப்படி ஒரு தொகுதி முழுக்கத் தப்பித்து ஒளிந்திருந்தன?

எதனோடும் சேராத ஆளை ஊரில் யாருக்கும் தெரியாது, அந்த மாதிரி. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், வேதிப்பொருளிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட அரை சதவீதம் அளவு கனமாக இருக்கிறது என்று ராலே பிரபு கவனித்தார். நாமாக இருந்தால் தராசைக் குறை சொல்லியிருப்போம். அவர் விடவில்லை. 1894-இல் அவரும் ராம்சேயும் அந்தக் கூடுதல் எடைக்குக் காரணமான ஆர்கானைப் பிடித்தார்கள். காற்றில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அதுதான். நாம் மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. அட்டவணையில் அதற்கு இடமில்லை என்பதால், மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கும் என்று மெண்டலீவ் தட்டிக்கழிக்கப் பார்த்தார்.

ஹீலியத்தின் கதை நமக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க, அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்தார் பிரெஞ்சுக்காரர் ஜான்சன். சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் நிறமாலையில் பளிச்சென்று கோடுகள். அந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோடு இல்லை என்பதை இங்கிலாந்தில் லாக்யர் தெளிவுபடுத்தினார். பூமியில் அதே வாயுவை 1895-இல்தான் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து எடுத்தார். 1898-இல் ராம்சேயும் அவருடைய உதவியாளர் டிராவர்ஸும் நியான், கிரிப்டான், செனான் மூன்றையும் ஒரே வருடத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த டிராவர்ஸ்தான் பிற்பாடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநர்.

அட்டவணை உடையவில்லை. ஓரத்தில் ஒரு பத்தி கூடியது, அவ்வளவுதான்.

ஆர்கானின் எடை 39.9, பொட்டாசியம் 39.1. கனமான ஆர்கான் ஏன் முன்னால் நிற்கிறது?

நல்ல கேள்வி. ஆர்கான் வந்ததிலிருந்து கிட்டத்தட்ட 20 வருடம் எல்லோரையும் உறுத்திய கேள்வி. விடை சொன்னவர் ஹென்றி மோஸ்லி. 1913-14-இல் வெவ்வேறு தனிமங்களிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை அளந்தார். அவற்றின் அதிர்வெண்ணின் வர்க்கமூலம், ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குப் படிக்கட்டு மாதிரி சமமாக ஏறியது. ஒவ்வொரு படியிலும் கூடியது அணுக்கருவின் ஒரு மின்சுமை. தனிமத்தின் அடையாளம் எடை இல்லை, கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை என்பது அப்படித்தான் உறுதியானது. ஆர்கான் 18, பொட்டாசியம் 19, பிரச்சினை தீர்ந்தது. டெலூரியமும் அயோடினும் அப்படியே. எடையில் முன்பின் ஆவது, எத்தனை நியூட்ரான் கொண்ட ஐசோடோப்பு இயற்கையில் அதிகம் என்பதைப் பொறுத்த விஷயம்.

இந்த எண்களை வைத்து, 43, 61, 72, 75 ஆகிய நான்கு இடங்கள் காலி என்று சொல்ல முடிந்தது. மோஸ்லி முதல் உலகப் போரில் 1915 ஆகஸ்டில் கலிப்போலியில் சுடப்பட்டு இறந்தார். வயது 27.

வலப்பக்கம் போகப் போக எலக்ட்ரான்கள் கூடுகின்றன. அணு பெரிதாகத்தானே ஆகவேண்டும்? ஏன் சிறுக்கிறது?

வகுப்பில் ஒவ்வொரு வருடமும் வரும் கேள்வி. கோயிலுக்குப் போங்கள். கருவறைக்கு முன்னால் வரிசை வரிசையாகக் கூட்டம். உங்களுக்குச் சாமி தெரியாமல் மறைப்பவர் யார்? முன் வரிசையில் நிற்பவர். உங்கள் பக்கத்தில் தோளோடு நிற்பவர் அவ்வளவாக மறைப்பதில்லை.

கருவறை என்பது அணுக்கரு, வரிசைகள் எலக்ட்ரான் கூடுகள். சோடியத்திலிருந்து குளோரின் வரை வரும் புதிய எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே வரிசையில், மூன்றாவது கூட்டில், பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஒருவரை ஒருவர் கொஞ்சம்தான் மறைக்கிறார்கள். அதே நேரத்தில் கருவின் மின்சுமை 11-லிருந்து 17 ஆகிவிட்டது. இழுப்பு கூடுகிறது, எல்லோரும் உள்ளே நெருங்குகிறார்கள். சோடியத்தின் அணு ஆரம் 186 பிக்கோமீட்டர், குளோரின் 99.

கீழே போனால் புதிய வரிசையே சேர்கிறது. கருவின் சுமையும் கூடத்தான் செய்கிறது, ஆனால் முன்னால் நிற்கும் முழு வரிசைகள் அதை மறைத்துவிடுகின்றன. லித்தியம் 152, சோடியம் 186, பொட்டாசியம் 227.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற அம்புகள் தாமாக வரும். கடைசி எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவைப்படுவது அயனியாக்கும் ஆற்றல். தூரத்தில், மறைவில் நிற்பவரை இழுத்துக்கொண்டு போவது சுலபம். லித்தியத்துக்கு ஒரு மோலுக்கு 520 கிலோஜூல், சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419. ஆய்வகத்தில் பார்த்தவர்களுக்கு இது எண் இல்லை. மண்ணெண்ணெயில் கிடக்கும் சோடியத்தை எடுத்து, துடைத்து, கத்தியால் வெட்டினால் கெட்டியான வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். வெட்டிய முகம் வெள்ளியாக மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். பயறு அளவு துண்டைத் தண்ணீரில் விட்டால் உருண்டையாகி, சீறிக்கொண்டு ஓடும். அதே அளவு பொட்டாசியம் ஊதா நிறத்தில் தீப்பிடித்தே ஓடும். அந்த 77 கிலோஜூல் வித்தியாசத்துக்கும் இதில் பங்குண்டு. (வீட்டில் செய்ய வேண்டாம். ஆய்வகத்திலும் கண்ணாடி போடாமல் வேண்டாம்.)

அயனியாக்கும் ஆற்றல் வலப்பக்கம் கூடும் என்றால், மெக்னீசியம் 738, அலுமினியம் 578 என்று ஏன் குறைகிறது?

அம்புக்குறி பொய் சொல்லும் இடம் இது. தேர்விலும் இங்கேதான் கேட்பார்கள். மூன்றாவது கூட்டுக்குள் 3எஸ், 3பி என்று உள் அறைகள் உண்டு. மெக்னீசியத்தின் கடைசி எலக்ட்ரான் 3எஸ்-இல் இருக்கிறது. அலுமினியத்தின் கடைசி எலக்ட்ரான் 3பி-இல். 3பி ஆற்றலில் ஒரு படி மேலே இருக்கிறது, 3எஸ்-இன் இரு எலக்ட்ரான்களும் அதைக் கொஞ்சம் மறைக்கின்றன. பிடுங்குவது எளிது.

இரண்டாவது பள்ளம் பாஸ்பரஸ் 1012, சல்பர் 1000. பாஸ்பரஸில் மூன்று 3பி அறைகளிலும் ஆளுக்கொரு எலக்ட்ரான். சல்பரில் நான்காவது ஆள் ஏற்கெனவே ஆள் இருக்கும் அறையில் பங்குக்குப் போகிறார். இருவருக்கும் ஒரே எதிர்மின்சுமை, ஒட்டாது. ஒருவர் கிளம்பத் தயாராக இருப்பார். இதே இரண்டு பள்ளங்கள் மேல் வரிசையிலும் அதே இடங்களில் உண்டு: பெரிலியம்–போரான், நைட்ரஜன்–ஆக்சிஜன்.

எலக்ட்ரான் நாட்டத்தில் குளோரின் எப்படிப் புளூரினை முந்துகிறது?

தனி அணு ஒன்று ஓர் எலக்ட்ரானை வாங்கும்போது வெளிப்படும் ஆற்றல்தான் எலக்ட்ரான் நாட்டம். புளூரின் மிகச் சிறிய வீடு. புதிதாக வருபவரை ஏற்கெனவே நெருக்கியடித்து இருப்பவர்கள் தள்ளுகிறார்கள். அதனால் வெளிப்படும் ஆற்றல் 328 கிலோஜூல். விசாலமான குளோரினில் 349. எலக்ட்ரான் கவர்தன்மையோ வேறு அளவு. பிணைப்பில் இருக்கும்போது பொது எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன் அது. பாலிங் அளவுகோலில் 3.98 பெற்றுப் புளூரின்தான் முதலிடம். இரண்டையும் குழப்பி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

ஒரே தொகுதியில் கீழே போனால் அணு பெரிதாகும் என்றீர்கள். சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் ஏன் ஒரே அளவு?

சிர்க்கோனியம் 160 பிக்கோமீட்டர், அதற்கு நேர் கீழே உள்ள ஹாஃப்னியம் 159. நடுவில், அட்டவணைக்கு அடியில் தனி வரிசையாகப் போடும் லாந்தனைடுகள் புகுந்துவிட்டன. அங்கே 14 எலக்ட்ரான்கள் 4எஃப் கூட்டில் சேர்கின்றன. 4எஃப் எலக்ட்ரான்கள் மறைப்பதில் மகா மோசம், ஒல்லியான ஆட்களை முன்வரிசையில் நிறுத்தியது மாதிரி. கருவின் சுமை மட்டும் 14 கூடிவிட, ஹாஃப்னியம் வரும்போது அணு நன்றாகச் சுருங்கிவிடுகிறது. இதன் பெயர் லாந்தனைடு சுருக்கம்.

இது வெறும் தேர்வுக் கேள்வி இல்லை. அளவும் வேதிக்குணமும் ஒன்றாக இருப்பதால் இயற்கையில் சிர்க்கோனியம் உள்ள இடத்தில் ஹாஃப்னியமும் கலந்தே கிடக்கும். அதனால்தான் 1923 வரை அது யார் கண்ணிலும் படவில்லை. கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிர் நிறமாலை கொண்டுதான் பிடித்தார்கள். மோஸ்லி விட்டுப்போன 72-ஆம் இடம் அது.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட்டோடு சிர்க்கானும் கிடைக்கிறது. அதிலிருந்து வரும் சிர்க்கோனியம் அணு உலையில் எரிபொருளுக்கு உறை செய்யப் பயன்படும், ஏனென்றால் அது நியூட்ரான்களை அநேகமாக விழுங்குவதில்லை. ஹாஃப்னியமோ அதைவிட 500 மடங்குக்கும் மேல் விழுங்கும். கொஞ்சம் கலந்திருந்தாலும் உலை மந்தப்படும். ஆகவே இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். தூத்துக்குடிக்குத் தெற்கே பழையகாயலில் உள்ள சிர்க்கோனிய ஆலையில் நடக்கும் பெரும்பாடு இதுதான். 4எஃப் எலக்ட்ரான்கள் சரியாக மறைத்திருந்தால் இந்த வேலை மிச்சம்.

தங்கம் ஏன் மஞ்சள்? வெள்ளி மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டியதுதானே?

கரு மிகக் கனமாகும்போது உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல் ஓடுகின்றன. ஐன்ஸ்டீனின் சார்பியல் விளைவால் எஸ் கூடுகள் சுருங்கி, தங்கத்தில் 5டி-க்கும் 6எஸ்-க்கும் இடையிலான ஆற்றல் இடைவெளி நீல ஒளியை உறிஞ்சும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நீலம் போனால் மிச்சம் மஞ்சள். வெள்ளியில் அந்த உறிஞ்சுதல் புற ஊதாவில் நடக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாது. பாதரசம் திரவமாக இருப்பதிலும் இதே விளைவுக்குப் பங்கு உண்டு.

ஹைட்ரஜனை எங்கே வைப்பது?

ஒரு எலக்ட்ரானை இழக்கும் என்பதால் சோடியம் வீட்டில். ஒரு எலக்ட்ரானை வாங்கவும் செய்யும் என்பதால் குளோரின் வீட்டில். வழக்கத்தில் முதல் தொகுதியின் தலையில் வைக்கிறோம். சிலர் தனியாக மேலே மிதக்க விடுகிறார்கள். என்னைக் கேட்டால் மிதக்க விடுவதே நேர்மை.

118-க்கு அப்புறம் என்ன?

43-ஆம் இடத்தை 1937-இல் பெரியரும் செக்ரேயும் நிரப்பினார்கள். அமெரிக்காவின் பெர்க்லியில், துகள்களை வேகப்படுத்தி மோதவிடும் சைக்ளோட்ரான் கருவியில் அடிபட்டுக் கழித்துப்போட்ட மாலிப்டினத் தகட்டிலிருந்து, இத்தாலியின் பலெர்மோவில் பிரித்தெடுத்தார்கள். செயற்கையாகக் கிடைத்த முதல் தனிமம், அதனால்தான் டெக்னீசியம். அப்புறம் வந்தவை பெரும்பாலும் மோதலில் பிறந்தவை. 1940-களில் சீபோர்க் ஆக்டினைடுகளை அடியில் தனி வரிசையாக இறக்கி, அட்டவணைக்கு இன்றைய உருவம் கொடுத்தார். 2016 நவம்பரில் நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசைன், ஓகனெசன் நான்கும் பெயர் பெற, ஏழாவது வரிசை முழுசாக நிரம்பியது.

ஓகனெசன் மந்த வாயுத் தொகுதியில் 118-ஆம் இடம். இதுவரை உண்டாக்கிய அணுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஒவ்வொன்றும் ஒரு மில்லி விநாடி தாங்குவதே பாடு. கணக்குப் போட்டவர்கள் அது வாயுவாகவே இருக்காது, மந்தமாகவும் இருக்காது என்கிறார்கள். ஜப்பானில் 119-க்காக வனேடியத்தைக் கியூரியத்தின் மேல் மோதவிடுகிறார்கள். 120-ஐக் குறிவைத்து பெர்க்லியில் டைட்டானியம் கற்றையைத் தயார்செய்கிறார்கள். 2024-இல் அதே கற்றையால் 116-ஆம் தனிமத்தின் இரண்டு அணுக்களைச் செய்து காட்டினார்கள். 119 வந்தால் எட்டாவது வரிசை திறக்கும், சீசியத்துக்கும் பிரான்சியத்துக்கும் கீழே முதல் கட்டத்தில்.

கடைசியாக ஒரு வினாடி வினா: அட்டவணையில் வராத ஆங்கில எழுத்து எது?

ஜே என்பது வழக்கமான விடை. 114-ஆம் தனிமத்தின் தற்காலிகப் பெயரில் கியூ இருந்தது. 2012-இல் அதற்கு பிளெரோவியம் என்று பெயர் வைத்ததிலிருந்து கியூவும் இல்லை. ஆகவே இப்போது இரண்டு. மெண்டலீவ் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்: 1871-இல் ஜெர்மனில் வந்த அவருடைய அட்டவணையில் அயோடினின் குறியீடே ஜே-தான்.